சோரியாசிஸாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போன சென்னைப் பயணம்

மார்ச் மாத வெயிலில் யாரும் சென்னைக்கு ஊர் சுற்றப் போக மாட்டார்கள். நானும் அதற்காகப் போகவில்லை. மேகமலை, கொல்லிமலை, தரங்கம்பாடி என்று இங்கே எழுதிக்கொண்டிருந்தவன் ஏன் அரை வருடமாகக் காணோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்பு சரியில்லை என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதலாம் என்று மனசு வந்திருக்கிறது. இதே காரணத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு உதவட்டும்.

கோவில்பட்டியில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். ஆறு வருடங்களாக என் முதுகிலும் இடுப்பைச் சுற்றியும் தொடையிலும் சிவந்த திட்டுகள் இருந்தன. மேலே வெள்ளையாகச் செதில் உதிரும். முன்கையிலும் ஒன்றிரண்டு உண்டு. ஒரு மருத்துவர் சோரியாசிஸ் என்றார். இன்னொருவர் எக்ஸிமா என்றார். களிம்புகள் பலவிதம், மாத்திரைகள் பலவிதம். குறைவதுபோல் இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். வீட்டில் என் மனைவி கனகாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வருடம் முழுவதும் முழுக்கைச் சட்டைதான். குற்றாலத்துக்குப் போனாலும் நான்தான் பைகளுக்குக் காவல்.

ஜனவரியில் எங்கள் ஊர் மருத்துவர் புதிதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். திட்டுகள் வந்திருக்கும் இடமும் மருந்துக்கு அவை அடங்காத விதமும் அவருக்குச் சரியாகப் படவில்லை. தோலில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அறிக்கை வந்தது. "தோல்ல வர்ற ஒரு வகைப் புற்றுநோய் ஆரம்பத்துல அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். இருக்காதுன்னுதான் நினைக்கேன். ஆனா இல்லைன்னு நிச்சயம் பண்ணிக்கிடணும்" என்றார். அடையாறில் ஒரு தோல் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். தோல் செல்களில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வகம் அங்கே உண்டாம். ஆறு வருடம் சோரியாசிஸாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவன், அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் சோரியாசிஸாகவே இருக்கட்டும் என்று வேண்ட ஆரம்பித்தேன்.

கனகா பள்ளி ஆசிரியை. பொதுத்தேர்வு நேரத்தில் விடுப்பு கிடைக்காது. தனியாகப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனால், நடைமேடையில் என் மாமனார் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். எனக்கும் அவருக்கும் பேச்சென்றால் "வாங்க மாப்ள", "சாப்பிட்டியளா", "சரி மாமா" அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்தில் அதைத் தாண்டியதில்லை.

"ஒத்தையில போக வேண்டாம் மாப்ள. கனகா எல்லாம் சொல்லிட்டா. நானும் வாரேன்" என்றார்.

எல்லாம் என்றால் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். தென் மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தகவல்: மயிலாப்பூர், அடையாறு பக்கம் போக எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. எங்கள் ரயில் மாம்பலத்தில் நின்றது. எல்லா ரயிலும் நிற்காது, முன்பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு இறங்கினோம். ஆட்டோக்காரர் மயிலாப்பூருக்கு முந்நூறு கேட்டார்.

"அஞ்சு கிலோமீட்டருக்கு முந்நூறா?" என்றேன்.

"இன்னா சார் நீ, மெட்ரோ வேல நடந்துகினு கீது. அங்கங்க மூடி வெச்சிகிறான். சுத்திகினுதான் போனும். ஆஸ்பத்திரிக்கா வந்துகிற?" என்றார். என் கையிலிருந்த பெரிய காகித உறையைப் பார்த்திருப்பார். நான் ஆமாம் என்றதும், "சரி, இருநூத்தி இருவது குடு. ஏறு" என்றார்.

மயிலாப்பூர் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டு கட்டிலோடு ஓர் அறை. நாளுக்கு ஆயிரத்து நானூறு. பழைய கட்டடம்தான், ஆனால் சுத்தமாக இருந்தது. காலையில் மாமனாருக்குக் காபி இல்லாமல் ஆகாது, இறங்கினால் வாசலிலேயே காபி. அடையாறுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள்தான், பேருந்தும் அடிக்கடி வரும். அடையாறிலேயே தங்கினால் அறை வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பக்கத்து மெஸ்ஸில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நல்ல கூட்டம். "சித்த நாழி இருங்கோ, பொங்கல் வந்துண்டே இருக்கு" என்று பரிமாறுபவர் சொல்லிவிட்டுப் போனார். மாமனார் சுவரில் எழுதியிருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்தார். எனக்கு இட்லி இறங்கவில்லை.

பதினொரு மணிக்கு மருத்துவர் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. வேகமாகப் பேசினாலும் அவசரப்படுத்தவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து போகவில்லை, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார். கழற்றினேன். மருத்துவர் லென்ஸை வைத்து ஒவ்வொரு திட்டாகப் பார்த்தார்.

"ஸ்டீராய்டு களிம்பு போட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்று மருத்துவர் கேட்டார்.

"ரெண்டு வாரம் ஆச்சு டாக்டர். எங்க ஊர் டாக்டர் நிறுத்தச் சொன்னாங்க."

"நல்லதாப் போச்சு. போட்டுட்டே இருந்தா தோலுக்குள்ள நடக்கிறத அது மூடி வச்சிடும். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். ஜீன் டெஸ்ட மட்டும் வச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன். தோல் துண்ட மைக்ரோஸ்கோப்ல பார்ப்போம். புற்றுநோய்னா உள்ள இருக்கற வெள்ளை அணுக்கள் எல்லாம் ஒரே அணுவோட வாரிசா இருக்கும், அதைப் பார்க்கத் தனியா ஒரு டெஸ்ட் இருக்கு. அதுவும் பார்ப்போம். மூணும் ஒரே பக்கம் கை காட்டினாதான் சொல்வேன்."

மரத்துப்போக ஊசி போட்டார்கள். அது மட்டும்தான் வலித்தது. பென்சில் முனை அளவுள்ள வட்டக் கத்தியால் திட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி, ஒன்றுமே இல்லாத தோலிலிருந்து இன்னொரு துண்டு. இரண்டுக்கும் ஒவ்வொரு தையல்.

துண்டுகளை எடுத்த அடுத்த நொடியே ஒரு பெண் அவற்றைச் சின்னக் குப்பிகளில் வாங்கி மூடினார். பெயர் பவித்ரா, ஆய்வகத்தில் வேலை செய்பவர். மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நல்ல தோல என்னத்துக்கு வெட்டுதிய?"

"ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அங்கிள். அவரோட நல்ல தோல்தான் அவருக்கு அளவுகோல். காலைல எங்க சாப்டீங்க?"

"மயிலாப்பூர்ல ஒரு மெஸ்ல."

"அங்க போர்டுல நிறைய எழுதியிருப்பாங்கல்ல? அத்தனையும் அவங்களுக்குப் பண்ணத் தெரியும். ஆனா அந்த நேரத்துல அடுப்படிக்கு எந்த ஆர்டர் எத்தனை போகுதுன்னு பார்த்தாத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். ஜீன் அந்த போர்டு மாதிரி. உடம்புல எங்க பார்த்தாலும் அதேதான். உள்ள போற ஆர்டருக்கு ஆர்.என்.ஏ.ன்னு பேரு. அதைத்தான் நாங்க எண்ணறோம். ரொம்ப சீக்கிரம் கெட்டுப்போயிடும், அதான் உடனே மருந்துத் தண்ணில போட்டேன்."

மாமனார் விடவில்லை. "அப்ப மாப்பிள்ளைக்கு எந்த ஆர்டர் கூடுதலாப் போகணும்? அதச் சொல்லுங்க."

பவித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோரியாசிஸா இருந்தா ஐ.எல். பதினேழுன்னு ஒரு சமிக்ஞை, அது பேச்சைக் கேக்கற ஜீன் ஒரு கூட்டம், எக்கச்சக்கமா ஓடும். எக்ஸிமான்னா வேற கூட்டம். நாம பயப்படற மூணாவதுக்கு அதுவும் வேற. வியாழக்கிழமை சாயங்காலம் தெரிஞ்சிடும்."

அன்று திங்கள்.

மாலையில் அறையில் சட்டையைக் கழற்ற முடியவில்லை. களிம்பை நிறுத்தியதிலிருந்து முதுகு காய்ந்து வெடித்திருந்தது. வெறும் வாசலைன் தடவலாம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் அதைத் தடவிவிடுவது கனகா. நான் குளியலறைக்குள் போய்க் கையைப் பின்னால் வளைத்து முடிந்தவரை தடவிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது.

"மாப்ள, எட்டாத எடத்துக்கு எப்படிப் போடுவிய? வெளிய வாங்க."

"பரவாயில்ல மாமா, நானே…"

"வாங்கங்கேன்."

கட்டிலில் குப்புறப் படுத்தேன். ஜவுளிக்கடையில் நாற்பது வருடம் துணி விரித்த கைகள். தையல் போட்ட இடத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு திட்டாகத் தடவினார். நடுவில் ஒரு தடவை கை நின்றது. அருவருப்பாக இருக்குமோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "இத வச்சுக்கிட்டா தீபாவளிக்குத் தீபாவளி எங்க வீட்டுல முழுக்கையப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்திய?" என்றார். "மாப்ளைக்கு ஃபேன் காத்தே குளிருதோன்னு நான் வேற கேலி பண்ணியிருக்கேன்." தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் விட்ட இடத்திலிருந்து தடவத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை தி. நகர் போனோம். சும்மா இருந்தால் மூளை எங்கெங்கோ போகும் என்று மாமனார்தான் கிளப்பினார். கொள்முதலுக்காக அந்தத் தெருக்களில் பல வருடம் நடந்தவர் என்பதால் வழியெல்லாம் அத்துப்படி. காலை பத்துக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் நடக்க முடியாது, கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு கடையில் எனக்காக அரைக்கைச் சட்டை கேட்டார். நான் வேண்டாம் என்றேன், அவர் காதில் வாங்கவில்லை. அளவு பார்க்க நான் கைப்பட்டியை மடித்தபோது விற்பனையாளர் முன்கைத் திட்டைப் பார்த்துவிட்டார். எடுத்து வைத்த சட்டைகளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போட்டுப் பாக்க வேணாம் சார். அளவு சரியாத்தான் இருக்கும். அப்படியே வாங்கிக்கங்க."

நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். மாமனார் நகரவில்லை, சத்தமும் போடவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"தம்பி, இவங்க முதுகுல நேத்து இந்தக் கையாலதான் மருந்து போட்டேன். ஒட்டுற வியாதியா இருந்தா மொதல்ல எனக்குல்லா ஒட்டியிருக்கும்? நல்லாப் பாருங்க."

அந்த ஆள் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஸாரி சார். தெரியாம…" என்று சட்டைகளைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். உடை மாற்றும் அறைக்குள் போய் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வெளியே வந்ததும் மாமனார் தோள்பட்டைத் தையலை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, "தையல் நிக்கும், ரெண்டு எடுங்க" என்றார். ஒன்று அறுநூற்றைம்பது. ஒன்றைப் போட்டபடியே கடையை விட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமையைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. என்னால் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. கைப்பேசியில் அந்த மூன்றாவது நோயைத் தேடித் தேடிப் படித்துவிட்டு, எங்கள் மகள் எந்த வகுப்புக்கு வரும்வரை நான் இருப்பேன் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். நீங்கள் போனால் தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். மாமனார் காலையில் கோயிலுக்குப் போனார். மத்தியானம் வெயிலில் சாந்தோம் வரை நடந்து தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். அங்கே ஏன் என்று கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும் மாப்ள. ரெண்டு இடத்துலயும் ஒரே வேண்டுதல்தான் வச்சேன்" என்றார். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது.

வியாழன் மாலை நான்கு மணிக்கு மருத்துவர் கூப்பிட்டார். பவித்ராவும் இருந்தார். மேஜைமேலிருந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினார்கள். சின்னச் சின்னக் கட்டங்கள், சிலது சிவப்பு, சிலது நீலம். நல்ல தோலைவிட அதிகமாக ஓடும் ஜீன் சிவப்பு, குறைவாக ஓடுவது நீலம் என்று பவித்ரா சொன்னார். நான் மருத்துவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சோரியாசிஸ்" என்றார்.

மாமனார் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிம்மா. ரொம்ப நன்றி."

மருத்துவர் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷத்துல சோரியாசிஸ்னு சொன்னதுக்கு யாருமே எனக்கு நன்றி சொன்னதில்ல."

"உறுதியாம்மா?"

"மைக்ரோஸ்கோப்ல அப்படித்தான் தெரியுது. வெள்ளை அணுக்கள் ஒரே வாரிசா இல்ல, கலந்துதான் இருக்கு. இங்க பாருங்க, ஐ.எல். பதினேழு கூட்டம் முழுக்கச் சிவப்பு. எக்ஸிமா கூட்டம் அமைதியா இருக்கு. மூணும் ஒரே பக்கம்தான் கை காட்டுது. புற்றுநோய்க்கான அடையாளம் எதுலயும் இல்ல."

அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை வெளியே வந்து மாமனார் சொல்லித்தான் தெரியும்.

பயணக் கட்டுரையில் பயனுள்ள தகவல்களைக் கடைசியில் வைத்தால் யாரும் அதுவரை வருவதில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஜீன் சோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பார்த்தவுடனேயே மருத்துவரால் சொல்லிவிட முடியுமாம். என்னைப் போல் குழப்பமான ஆட்களுக்குத்தான் இது. களிம்பை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய அறிக்கைகளோடு, முடிந்தால் பழைய தோல் துண்டின் கண்ணாடித் தகட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே அதைத் திரும்பப் பார்ப்பார்கள். தையல் நனையக் கூடாது, அதனால் சென்னை வெயிலில் ஈரத்துண்டால் துடைத்துக்கொள்ளும் குளியலுக்குத் தயாராக இருங்கள். முக்கியமாக, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். முடிவு சொல்லும்போது உங்கள் காது வேலை செய்யாது.

மருத்துவர் சொன்ன இன்னொன்று: சோரியாசிஸ் முழுதாகப் போய்விடாது, அடக்கி வைக்கலாம். மூட்டுகளில் வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். தோல் பார்க்கச் சுத்தமாகிவிட்ட பிறகும் உள்ளே சில ஜீன்கள் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்குமாம், அதனால்தான் சரியாகிவிட்டது என்று நாமாக மருந்தை விட்டால் அதே இடத்தில் திரும்ப வருகிறது. எனக்கு அந்த ஐ.எல். பதினேழை அடக்கும் ஊசியைத் தொடங்கினார்கள். இதை எழுதும் ஜூலையில் என் முதுகு பெரும்பாலும் தெளிந்துவிட்டது. தொடையில் இரண்டு திட்டுகள் அடம்பிடிக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன். ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஆட்டோ பிடித்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். அடையாறிலிருந்து மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய். வெயில் தாழ்ந்து நல்ல காற்று. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். தையல் இருந்ததால் நான் மணலில் உட்கார்ந்தேன். பள்ளி விட்டு வந்ததும் கனகா அழைத்தாள், மாமனாரின் கைப்பேசிக்கு. அலைச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் கத்த ஆரம்பித்தார்.

"சோரியாசிஸ்ம்மா! சோரியாசிஸ்! ஆமா, உன் வீட்டுக்காரருக்குத்தான்! சோரியாசிஸ்தான், வேற ஒண்ணுமே இல்ல!"

கடற்கரையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாங்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "இன்னா பெருசு, லாட்டரி கீட்டரி வுழுந்துச்சா?" என்று கேட்டார்.

"அதுக்கும் மேல தாயி!"

ஆறு வருடமாக அந்தச் சொல்லை மருந்துக்கடையில்கூடத் தாளில் எழுதித்தான் நீட்டுவேன். இப்போது அது அலையைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மாமனார் தண்ணீரிலிருந்து ஏறி வந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் கனகா அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே, "கேக்கலங்க. நீங்க ஒரு தடவ சொல்லுங்க" என்றாள். அவளுக்கு நன்றாகக் கேட்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றுகொண்டு, என்னால் முடிந்த அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.